ஹார்ட் ஃபெயிலியருக்கு நாலு மருந்து: சின்ன கிளினிக்கில் எந்த வரிசையில் தொடங்குவது, எப்படி ஏற்றுவது

என்னிடம் வந்து உட்கார்ந்து பழகும் இளம் டாக்டர்களிடம் ஹார்ட் ஃபெயிலியருக்கு என்ன மருந்து என்று கேட்டால், டாபாகிளிஃப்ளோசின் வகை, ஸ்பைரோனோலாக்டோன் வகை, எனாலாப்ரில் அல்லது சாகுபிட்ரில் வகை, கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் என்று நாலு வகையையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறார்கள். "சரி, கார்வெடிலால் 3.125 எழுதியாச்சு. அடுத்து எப்போ வரச் சொல்லப் போறீங்க? வந்ததும் என்ன செய்வீங்க?" என்று கேட்டால்தான் பேனா நிற்கிறது.

பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ படுத்து எழுந்து வருகிற நோயாளி, அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ இருக்கும் தன் குடும்ப டாக்டரிடம்தான் மீதிக் காலம் முழுக்க வரப்போகிறார். டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் ஆரம்ப அளவையே மாசாமாசம் திரும்ப எழுதி ரெண்டு வருடம் ஓட்டிவிடுகிறோம். வழிகாட்டு நெறிகளை நாம் மீறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நானும் செய்திருக்கிறேன். அதனால் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் அளவை ஏற்றுவது பற்றித்தான் இருக்கும்.

இது டாக்டர்களுக்காக எழுதியது. நோயாளியோ வீட்டுக்காரர்களோ படித்தால், இதை வைத்துத் தாங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அளவுகள் 2021 ஐரோப்பிய நெறிகளையும், 2022 அமெரிக்க நெறிகளையும் ஒட்டியவை. பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம் (இ.எஃப்.), 40 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

1. மருந்துக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

எக்கோ இல்லாமல் நாலு மருந்தையும் தொடங்காதீர்கள். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் பம்பிங் குறைந்திருக்காது. சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை, பழைய நுரையீரல் நோய் என்று காரணம் பல இருக்கும். அம்லோடிபின் மாத்திரைகூடக் காலை வீங்க வைக்கும்.

சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்களையும் மறக்கக் கூடாது. மூச்சு முட்டும், கால் வீங்கும், ஆனால் பம்பிங் 60 இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வால்வுக்கான வைத்தியம். இந்த நாலு மருந்து அல்ல. எக்கோ தாள் கையில் இருந்தால் அதில் தேதியையும் பாருங்கள். மூன்று வருடப் பழைய தாளை வைத்துக்கொண்டு இன்றைய மருந்தை முடிவு செய்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

எக்கோவுக்கு நாள் ஆகும் என்றால், படுக்கையில் விழாமல் நடந்து வருகிற நோயாளிக்கு என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். 125-க்குக் கீழே என்றால் ஹார்ட் ஃபெயிலியராக இருக்க வாய்ப்புக் குறைவு. உடம்பு பருத்தவர்களுக்கு இந்த எண் குறைத்துக் காட்டும் என்பதை மனதில் வையுங்கள்.

இ.சி.ஜி.யில் மூன்றைப் பாருங்கள்: துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, ஹார்ட் பிளாக் இருக்கிறதா, கியூ.ஆர்.எஸ்., அதாவது கீழ் அறைகள் துடிக்கும் அலை, எவ்வளவு அகலம். முதல் இரண்டும் இன்றைக்கே வேண்டும். மூன்றாவது மூன்று மாதம் கழித்து வேலைக்கு வரும்.

ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. முதல் இரண்டு எண்கள் இல்லாமல் தொடங்கினால், ரெண்டு வாரம் கழித்து வரும் எண் ஏறியதா இல்லை எப்போதும் அப்படித்தானா என்று சொல்ல வழி இருக்காது. பழையது என்ன என்று தெரியாததால்தான் நல்ல மருந்துகளைப் பயந்து நிறுத்துகிறோம்.

எடை, நாடி, உட்கார்ந்தும் நின்றும் பி.பி. இவற்றை ஒரு அட்டையில் எழுதுங்கள். அந்த அட்டை நோயாளியிடம் இருக்கட்டும். உங்கள் நோட்டில் மட்டும் இருந்தால், அவர் இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

2. பையைக் கொட்டச் சொல்லுங்கள்

"என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?" என்று கேட்டால் "பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை" என்றுதான் பதில் வரும். அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்டுங்கள்.

ஆலங்குளம் சந்தையில் மூட்டை தூக்கிய ஒரு அண்ணாச்சி. பம்பிங் 30. அவருடைய மஞ்சப்பையிலிருந்து கொட்டியவை: ரெண்டு கம்பெனிப் பெயரில் ஒரே கார்வெடிலால், ரெண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். சர்க்கரைக்கு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, அதில் ஒன்று பியோகிளிட்டசோன். முட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், பாதி தீர்ந்த அட்டை. அதோடு ஓர் இடத்தில் கொடுத்த எனாலாப்ரில், இன்னொரு இடத்தில் எழுதிய சாகுபிட்ரில்-வால்சார்டான். நாடி 48. "மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறாங்க, வீக்கம் மட்டும் கொறைய மாட்டேங்கு" என்றார். அன்றைக்கு நான் புதிதாக ஒரு மருந்தும் எழுதவில்லை. நாலை நிறுத்தினேன். பத்து நாளில் வீக்கம் பாதி இறங்கியது.

நிறுத்த வேண்டியவை இவை: டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், பியோகிளிட்டசோன், சாக்சாகிளிப்டின், டில்டியாசெம், வெரபமில். வலி மாத்திரையும் பியோகிளிட்டசோனும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். டில்டியாசெமும் வெரபமிலும் பலவீனமான இதயத்தை இன்னும் அடக்கும். முட்டுவலிக்குப் பாராசிட்டமால் எழுதிக் கொடுங்கள். மாற்று எதுவும் தராமல் "அதைச் சாப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னால், கடைக்குப் போய் அதையேதான் வாங்குவார்.

எனாலாப்ரில் அல்லது ராமிப்ரிலும் சாகுபிட்ரிலும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது. முகம், நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். ஒன்றை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் மற்றது. நான் ரெண்டு நாள் என்று சொல்லிவிடுவேன். மணிக்கணக்கு வீட்டில் நடக்காது.

அட்டெனலால், சாதாரண மெட்டோபிரோலால் டார்ட்ரேட் ரெண்டும் பி.பி.க்குச் சரி. இந்த நோய்க்கு ஆதாரம் உள்ளவை பிசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோபிரோலால் சக்சினேட். வயதானவர்களுக்கு நெபிவோலாலும் உண்டு. "பீட்டா பிளாக்கர் ஏற்கெனவே இருக்கே" என்று விட்டுவிடாமல் எந்த பீட்டா பிளாக்கர் என்று பாருங்கள். டெல்மிசார்டானும் அப்படித்தான். இதற்கு லோசார்டான், வால்சார்டான், கான்டிசார்டான்தான் சோதித்துப் பார்த்தவை.

3. முதலில் நீரை இறக்குங்கள்

கால் வீங்கி, கழுத்து நரம்பு புடைத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறவருக்கு முதல் வேலை நீர் மாத்திரை. ஃபுரோசமைட் 20 முதல் 40 மி.கி., அல்லது டோர்செமைட் 10 முதல் 20 மி.கி. காலையில். நுரையீரலில் நீர் தேங்கியிருக்கும்போது பீட்டா பிளாக்கரைத் தொடங்கினால் நிலைமை மோசமாகும். அதனால்தான் இந்த வரிசை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஆக்சிஜன் அளவு குறைந்தால், அது கிளினிக் வேலை இல்லை. வண்டி ஏற்றி அனுப்புங்கள்.

வீக்கம் வடிந்து, தலையணை ஒன்றோடு படுக்க முடிகிற அன்றைக்கு எடையை அட்டையில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். இனி அதுதான் அளவுகோல். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் போன் பண்ணச் சொல்லுங்கள். வீட்டில் எடை மெஷின் இல்லாவிட்டால் ரேஷன் கடை, உரக் கடை, பஸ் ஸ்டாண்டு எதுவானாலும் சரி. ஒரே மெஷினாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீர் மாத்திரையை நோயாளிகள் ஏன் விடுகிறார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. பஸ்ஸுக்காக விடுகிறார்கள். அம்பையிலிருந்து காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்கு வரும் ஒரு பெரியம்மாவுக்கு, வழியில் இறங்கி ஒண்ணுக்குப் போக இடம் ஏது? அன்றைக்கு மாத்திரை கிடையாது. டாக்டரைப் பார்க்க வருகிற நாளும் அந்த நாள்தான், அதனால் வீங்கிய காலோடு வருவார், நாமும் அளவைக் கூட்டுவோம். "வெளியே போற அன்னிக்கு, திரும்பி வந்து மத்தியானம் மூணு நாலு மணிக்குள்ள போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வீக்கம் போனபின் நீர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அது மூச்சை இலேசாக்கும். ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. தேவைக்கு மேல் கொடுத்தால் பி.பி. விழும், கிரியாட்டினின் ஏறும். அப்போது ஆயுளைக் கூட்டும் மற்ற மருந்துகளைக் கொடுக்க இடமிருக்காது.

4. நாலையும் தொடங்கும் வரிசை

எதை முதலில் தொடங்க வேண்டும் என்று நெறிகள் கட்டாயம் சொல்லவில்லை. நாலும் சீக்கிரம் உள்ளே வர வேண்டும் என்பதுதான் விஷயம். ஒன்றை முழு அளவுக்கு ஏற்றி முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்ட பழைய முறையில் நாலாவது மருந்து வர ஆறேழு மாதம் ஆகிவிடும். நாலையும் சின்ன அளவில் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் உள்ளே கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். கீழே உள்ள வரிசை என் கிளினிக்கில் குறைந்த சிக்கலோடு ஓடுகிறது.

முதலில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி., நீர் மாத்திரையோடு சேர்த்தே. பி.பி.யை அதிகம் இறக்காது, பொட்டாசியத்தை ஏற்றாது, அளவை ஏற்றும் வேலையும் இல்லை. சர்க்கரை இல்லாதவருக்கும் இது உண்டு என்பதை மருந்துக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "உங்களுக்குத்தான் சுகர் இல்லையே" என்று கடையிலேயே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு வேண்டாம். சிறுநீரகம் வடிக்கும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 20-க்குக் கீழே இருந்தால் தொடங்க வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ போட்டுக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், சுத்தமாகக் கழுவ வேண்டும் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அரிப்பு வந்ததும் நம்மிடம் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-ல் முடிந்தபின் விலை நன்றாக இறங்கிவிட்டது. "கட்டுப்படியாகாது" என்று நாமே முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து, ஒரு வாரத்தில், ஸ்பைரோனோலாக்டோன் 12.5 அல்லது 25 மி.கி. பொட்டாசியம் 5-க்குக் கீழும், கிரியாட்டினின் 2.5-க்குக் கீழும் இருந்தால் மட்டும். ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் எப்லெரெனோனுக்கு மாற்றுங்கள்.

அதோடு அல்லது அடுத்த வாரம், எனாலாப்ரில் 2.5 மி.கி. ரெண்டு வேளை, அல்லது ராமிப்ரில் 1.25 மி.கி. ரெண்டு வேளை. வசதியிருந்தால் நேரடியாக சாகுபிட்ரில்-வால்சார்டான் 50 மி.கி. ரெண்டு வேளை. அது எனாலாப்ரிலைவிட ஒரு படி மேல்தான். ஆனால் மாதத்தில் பதினைந்து நாள் வாங்கிச் சாப்பிடும் சாகுபிட்ரிலைவிட முப்பது நாளும் சாப்பிடும் எனாலாப்ரில் மேல். வறட்டு இருமல் வந்தால் லோசார்டானுக்கு மாற்றலாம். மாற்றும் முன் நோயாளியைப் படுக்க வைத்து நெஞ்சைக் கேளுங்கள். நீர் தேங்கினாலும் இருமல்தான் வரும்.

கடைசியாக, நீர் வடிந்தபின், பீட்டா பிளாக்கர்: பிசோப்ரோலால் 1.25 மி.கி. ஒரு வேளை, அல்லது கார்வெடிலால் 3.125 மி.கி. ரெண்டு வேளை சாப்பாட்டோடு, அல்லது மெட்டோபிரோலால் சக்சினேட் 12.5 முதல் 25 மி.கி. ஒரு வேளை. இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்குக் கார்வெடிலாலைவிட பிசோப்ரோலால் மேல், அதுவும் எச்சரிக்கையோடுதான். சக்சினேட் மாத்திரையைக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், பொடிக்கக் கூடாது.

குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் நின்று யோசியுங்கள். எனாலாப்ரில், சார்டான் வகைகள், சாகுபிட்ரில் எல்லாம் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். மாதவிலக்குத் தேதியையும் கருத்தடையையும் கேட்காமல் எழுதாதீர்கள். பிரசவத்தை ஒட்டி மூச்சு முட்டுகிற தாய்க்கு எக்கோ உடனே வேண்டும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வதை நாமும் சொல்லிவிடக் கூடாது.

5. ஏற்றுவது

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை, தடை இல்லையென்றால், அளவை இரட்டிப்பாக்குங்கள். ஒரு தடவையில் ஒரு மருந்தை மட்டும். ரெண்டையும் ஒரே நாளில் ஏற்றி, தலை சுற்றினால், எது காரணம் என்று தெரியாமல் ரெண்டையும் நிறுத்த வேண்டியதாகும்.

போய்ச் சேர வேண்டிய அளவுகள்: எனாலாப்ரில் 10 முதல் 20 மி.கி. ரெண்டு வேளை. ராமிப்ரில் 5 மி.கி. ரெண்டு வேளை. சாகுபிட்ரில்-வால்சார்டான் 200 மி.கி. ரெண்டு வேளை. லோசார்டான் ஒரு நாளுக்கு 150. பிசோப்ரோலால் 10. கார்வெடிலால் 25 ரெண்டு வேளை. மெட்டோபிரோலால் சக்சினேட் 200. ஸ்பைரோனோலாக்டோன் 25 முதல் 50. இந்த எண்களைப் பார்த்தால் பயம் வரும். எல்லோரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள், அது பரவாயில்லை. அவரால் தாங்க முடிகிற உச்சம் எதுவோ, அது வரை போனோமா என்பதுதான் கேள்வி. முயற்சி செய்து நின்றால் ஏன் நின்றோம் என்று அட்டையில் எழுதுங்கள்: "கார்வெடிலால் 12.5, நாடி 52, இதற்கு மேல் வேண்டாம்." அடுத்தவர் அதைப் பார்த்துத் திரும்ப முதலிலிருந்து தொடங்க மாட்டார்.

ஒவ்வொரு வரவிலும் நான் எழுதும் வரி ஒன்றுதான்: எடை, நாடி, உட்கார்ந்து பி.பி., நின்று பி.பி., இன்று ஏற்றியது எது, அடுத்த தேதி. அடுத்த தேதி இல்லாத வரி பாதி வரி. "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றால் ஆடி போய் ஆவணி வந்தபின் வருவார்கள். கிழமையைச் சொல்லுங்கள். வீட்டில் போன் வைத்திருக்கும் மகளிடமோ மருமகளிடமோ தேதியைக் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வீட்டுக்கு வந்தவர் என்றால் இன்னும் வேகமாகப் போக வேண்டும். 2022-ல் வெளிவந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில், வீட்டுக்குப் போன ரெண்டு வாரத்துக்குள் முழு அளவுக்கு ஏற்றி, 1, 2, 3, 6-ஆம் வாரங்களில் வரவைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பு அல்லது ஹார்ட் ஃபெயிலியருக்காக மறுபடி அட்மிஷன் 23 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆய்வில் ஒவ்வொரு வரவிலும் உடம்பைச் சோதித்து ரத்தமும் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீட்டா பிளாக்கரை ஏற்றிய முதல் வாரம் களைப்பாக இருக்கும், எடை கொஞ்சம் ஏறலாம். முன்கூட்டியே சொல்லுங்கள். எடை ஏறினால் நீர் மாத்திரையைச் சில நாள் கூட்டுங்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நாடி 50-க்குக் கீழே போனால் பாதியாக்கி இ.சி.ஜி. பாருங்கள்.

6. பி.பி. 96 இருக்கிறது, ஏற்றலாமா?

நோயாளி நடந்து வருகிறார், தலை சுற்றவில்லை, வேலை பார்க்கிறார். மெஷினில் 96/60. பக்கத்தில் நிற்கும் நர்ஸ் முகம் மாறுகிறது. இந்த இடத்தில்தான் மருந்து குறைக்கப்படுகிறது. பம்பிங் குறைந்தவருக்கு 96 அவருடைய வழக்கமான பி.பி.யாக இருக்கலாம். தொந்தரவு இல்லாத குறைந்த பி.பி.க்காக இந்த மருந்துகளைக் குறைக்க வேண்டியதில்லை.

தலை சுற்றினால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், முதலில் வெளியே போக வேண்டியது இந்த நாலும் அல்ல. அம்லோடிபின், பிரசோசின் போன்ற மற்ற பி.பி. மாத்திரைகளை நிறுத்துங்கள். வீக்கம் இல்லையென்றால் நீர் மாத்திரையைக் குறையுங்கள். காலையில் ஒரே கையளவாக விழுங்குவதைப் பிரித்து, ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் கொடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சுற்றினால் ஒரு மருந்தை ஒரு படி இறக்கலாம். 90-க்குக் கீழே போய்த் தொந்தரவும் இருந்தால் கார்டியாலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

7. கிரியாட்டினினும் பொட்டாசியமும்

ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கி அல்லது ஏற்றி 1 வாரத்திலும் 4 வாரத்திலும் ரத்தம். அப்புறம் 8, 12 வாரங்கள், 6, 9, 12 மாதங்கள், அதற்குப் பின் நாலு மாதத்துக்கு ஒரு முறை. எனாலாப்ரில் வகைக்கு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒன்று அல்லது ரெண்டு வாரத்தில் ஒரு தடவை. செலவு என்பார்கள், அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவரச் சொல்லலாம். எடுக்காமல் ஸ்பைரோனோலாக்டோனைத் தொடர்வதற்கு அதைக் கொடுக்காமலே இருக்கலாம்.

கிரியாட்டினின் பழைய அளவிலிருந்து பாதிப் பங்கு ஏறுவது வரை, 3-ஐத் தாண்டாத வரை, பொறுக்கலாம். 1.2 இருந்தது 1.6 ஆனால் நிறுத்தாதீர்கள். திரும்பப் பாருங்கள், வலி மாத்திரை சாப்பிட்டாரா என்று கேளுங்கள், நீர் மாத்திரையைக் குறையுங்கள். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோனைப் பாதியாக்குங்கள். 6 ஆனால் நிறுத்தி, அன்றைக்கே இ.சி.ஜி. எடுங்கள்.

எண் திடீரென்று எகிறினால் ரத்தம் எப்படி வந்தது என்றும் விசாரியுங்கள். கிராமத்தில் காலையில் எடுத்த குழாய், சாயங்காலம் வரை வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்தால், அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். இ.சி.ஜி. சுத்தமாக இருந்தால் புது ரத்தம் எடுத்து உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.

முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவருக்கு 6.1 வந்தது. பொய் இல்லை, மறுபடி எடுத்தும் 6. மருந்து அளவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டே வந்ததில், "உப்பைக் கொறைக்கச் சொன்னீங்கல்லா. அதான் பேரன் பி.பி.க்கு நல்லதுன்னு வேற உப்புப் பாக்கெட்டு வாங்கித் தந்தான். வெயிலுக்குத் தினம் ஒரு இளநியும் குடிக்கேன்" என்றார். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் ஒரு பங்கு இருப்பது பொட்டாசியம். இளநீரிலும் பொட்டாசியம்தான். உப்பைக் குறை என்று சொன்னது நான். எந்த உப்பு என்று சொல்லாமல் விட்டதும் நான்தான். இப்போது ஸ்பைரோனோலாக்டோன் எழுதும் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் "இளநீர் தினமும் வேண்டாம், பாக்கெட் மாற்று உப்பு வேண்டவே வேண்டாம்" என்று எழுதிவிடுகிறேன். களக்காடு பக்கம் வாழைத்தோட்டக்காரர்களிடம் பழத்தின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். அவர்களுக்கு ஒரு பழம் என்பது ஒரு சீப்பு.

8. வயிற்றுப்போக்கு, நோன்பு, ஆபரேஷன்

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் உடம்பு காய்ந்துபோகும். அந்த நாட்களில் டாபாகிளிஃப்ளோசின், ஸ்பைரோனோலாக்டோன், எனாலாப்ரில் வகை, நீர் மாத்திரை நான்கையும் நிறுத்தி உடனே நம்மிடம் பேசச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கரைத் தொடரலாம். அக்னி நட்சத்திரத்தில் செங்கல் சூளையிலும் வயலிலும் நிற்பவர்களிடம் இதைச் சித்திரை பிறக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்க வேண்டும். நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும், தொடங்கச் சொன்னது நினைவிருக்காது. நிறுத்தும்போதே திரும்பத் தொடங்கும் தேதியையும் எழுதுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவர் வாந்தியெடுத்து, வயிற்று வலியோடு வேகமாக மூச்சு விட்டால், சர்க்கரை 160 என்று பார்த்து நிம்மதியடையாதீர்கள். சர்க்கரை அதிகமில்லாமலே, ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறும். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். கண் ஆபரேஷனா, குடலிறக்கமா என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

மேலப்பாளையத்தில் ரம்ஜானுக்கு ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். மூச்சு வாங்குகிற நிலையிலோ, அளவை ஏற்றிக்கொண்டிருக்கும்போதோ நோன்பு வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். நிலையாக இருப்பவர் வைத்தே தீருவேன் என்றால், நீர் மாத்திரையை நோன்பு திறந்தபின் கொடுங்கள், ரெண்டு வேளை மருந்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் பிரியுங்கள், முதல் வாரமே வரவழைத்து எடையும் ரத்தமும் பாருங்கள்.

காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்கள் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பை, பெட்டியெல்லாம் நனைந்து மருந்தே இல்லாமல் நாலு நாள் இருந்துவிட்டு, மூச்சு முட்டி வந்தவர்களையும் பார்த்தோம். அட்டையின் போட்டோ ஒன்று மகன், மகள் போனில் இருக்கட்டும். பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

9. உப்பு

"உப்பைக் குறைங்க" என்றால் சாம்பாரில் குறைப்பார்கள். கருவாடும், மோர் மிளகாயும், அப்பளமும், ஊறுகாயும் உப்புக் கணக்கில் வராது. பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பழைய சோற்றில் போடும் கல் உப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீரை எல்லோருக்கும் கடுமையாகக் குறைக்க வேண்டியதில்லை.

10. எப்போது அனுப்புவது

மூன்று மாதம் முழு முயற்சியோடு மருந்து கொடுத்தபின் எக்கோவைத் திரும்ப எடுங்கள். அப்போதும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே என்றால் உள்ளே வைக்கும் கருவிகளைப் பற்றிப் பேச அனுப்ப வேண்டும். இடப்பக்கக் கிளை அடைப்போடு கியூ.ஆர்.எஸ். 150-க்கு மேல் என்றால் சி.ஆர்.டி., அதாவது இதயத்தின் இரு பக்கத்தையும் சேர்ந்து துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர், பற்றிக் கேட்டு அனுப்புங்கள். பீட்டா பிளாக்கரை ஏற்றியும் ஒழுங்கான துடிப்பில் நாடி 70-க்குக் கீழே வரவில்லையென்றால் நாடியைக் குறைக்கும் இவாப்ரடின் சேர்க்கலாம். மயக்கம் போட்டு விழுந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், மறுபடி மறுபடி அட்மிட் ஆகிறவர், கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறவர், இவர்களை மூன்று மாதம் வைத்திருக்காதீர்கள்.

ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், அனுப்பும் தாளில் "எச்.எஃப்., கார்டியாலஜி ஒபினியன்" என்று மட்டும் எழுதுவது பிரயோசனமில்லை. எந்த மருந்தை எந்த அளவு வரை ஏற்றினோம், எதனால் நின்றோம், கேள்வி என்ன என்று மூன்று வரி எழுதினால், அங்கே முதலிலிருந்து தொடங்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் வரும்.

அனுப்பும் முன் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பாருங்கள். ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, அல்லது 100-க்கும் 299-க்கும் இடையே இருந்து சாச்சுரேஷன் 20-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் கணக்கு இதுதான். இவர்களுக்கு இரும்பு மாத்திரை பலன் தருவதில்லை, நரம்பு வழி ஊசிதான். ஃப்ளூ, நிமோனியாத் தடுப்பூசிகளையும் இந்த வரவிலேயே முடித்துவிடுங்கள்.

பம்பிங் 40-க்கு மேல் இருந்து ஹார்ட் ஃபெயிலியர் உறுதியானவர்களுக்கு டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் உண்டு. 2023 ஐரோப்பியத் திருத்தம் அதைச் சேர்த்துவிட்டது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை, பி.பி.யைக் கட்டுக்குள் வைப்பது, துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து.

11. பம்பிங் தேறிவிட்டது, நிறுத்தலாமா?

ஒரு வருடம் கழித்து எக்கோ தாளோடு சிரித்துக்கொண்டு வருவார்கள். "டாக்டர், பம்பிங் 52 ஆயிட்டு. இனி மாத்திரை வேண்டாம்லா?"

டிரெட்-ஹெச்எஃப் என்ற ஆய்வில் இப்படித் தேறியவர்களுக்கே கண்காணிப்போடு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் பத்தில் நாலு பேருக்கு மேல் நோய் திரும்பிவிட்டது. வயலில் மோட்டார் வைத்திருப்பவரிடம் நான் சொல்வது: காயில் கட்டி ஓடவைத்த மோட்டார் இது, புது மோட்டார் இல்லை. நீர் மாத்திரையை மட்டும், எடை பார்த்துக்கொண்டே, குறைத்து நிறுத்தலாம். மற்ற நாலும் தொடர வேண்டும்.

அதை வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. அடுத்த வாரம் சொந்தக்காரர் யாராவது "நல்லாத்தானே இருக்கீரு, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்பார். அட்டையை வாங்கி, அன்றைய தேதிக்கு நேரே, வீட்டுக்காரம்மா பார்க்கும்படி சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள்: "பம்பிங் 52. மாத்திரையால் வந்தது. நாலும் தொடரவும். அடுத்த ரத்தப் பரிசோதனை..." என்று, மாதத்தையும் கிழமையையும் சேர்த்து.